சான்றிதழுக்குத் தயங்க வேண்டா

குழந்தைக்கு மூளை முடக்குவாதம், ஆட்டிசம், செவித்திறன் குறைபாடு என மருத்துவர் கூறியதும் பெற்றோர் சிகிச்சைக்கு விரைகின்றனர். ஆனால், மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறுவதை மட்டும் பலர் ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடுகின்றனர். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’, ‘உறவினர் அறிந்தால் என்ன நினைப்பர்’, ‘இளையவளின் திருமணத்துக்குத் தடையாகுமோ’ என்னும் அச்சங்களே காரணம். இவ்வச்சங்களை நாங்கள் எளிதாக எண்ணவில்லை. ஆயினும், இத்தயக்கத்தால் இழப்புறுவது குழந்தையே என்று சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. பாதிப்பு 40 விழுக்காடும் அதற்கு மேலும் எனச் சான்றளிக்கப்பட்டால், 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறுவது குழந்தையின் உரிமை. தமிழ்நாட்டில் அறிவுசார் குறைபாடு, கடும் உடல் பாதிப்பு, தசைச்சிதைவு நோய் ஆகியவற்றுக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை உண்டு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உடையோர், தேசிய அறக்கட்டளையின் ‘நிராமயா’ திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடு பெறலாம். இவை யாவற்றுக்கும் வாயில் அச்சான்றிதழே. அது குழந்தையின் ஆற்றலுக்கு இடப்பட்ட மதிப்பெண் அன்று.

சான்றிதழ் கைக்கு வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. மாவட்டத்திலுள்ள ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயதினர் வரை பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன. மூளை வேகமாக வளரும் முதல் சில ஆண்டுகளை வீணாக்கலாகாது.

பொறுப்பு முழுவதையும் பெற்றோர் தோளில் ஏற்றுவதும் முறையன்று. நடக்க இயலாத குழந்தையைத் தூக்கிக்கொண்டு, ஒருநாள் கூலியை இழந்து வரும் தாயை, ‘அடுத்த வாரம் வாருங்கள்’ எனத் திருப்பியனுப்புவது அவ்வுதவியை மறுப்பதற்கு ஒப்பாகும். நோயறிந்த அன்றே, எந்த அலுவலகம், எந்தத் தாள்கள், எந்த நாள் என எழுதிக் கொடுப்பதை மருந்துச் சீட்டுக்கு இணையான கடமையாக எல்லா மருத்துவமனைகளும் கொள்ள வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

பெற்றோர் செய்ய வேண்டியவை சில. ஆதார் அட்டை, புகைப்படம், மருத்துவ அறிக்கைகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வையுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழி விண்ணப்பியுங்கள். இயலாதோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். தற்காலிகச் சான்றிதழாயின், காலம் முடியுமுன் புதுப்பியுங்கள். தேசிய அறக்கட்டளையின் வரம்புக்குள் வரும் பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கோரலாம்.

கேட்பதற்கு நாண வேண்டா. இவை சலுகைகள் அல்ல; உங்கள் குழந்தைக்குச் சட்டம் அளித்த உரிமைகள்.