நான்கு நகல் எதற்கு? ஒரு @ போதும்

"ஒரே சேவையை நாலு தடவை ஓட்டணுமா? சர்வீஸ் கோப்பை நாலு நகல் எடு. எட்டு ஆகிவிட்டால் டாக்கர், அதற்கும் மேலே குபர்நெட்டிஸ்." லினக்ஸ் சர்வர் பார்க்கிற பலர் இப்படித்தான் சொல்கிறார்கள். வேலை முழுக்க ஒரே சர்வரில் நடக்கும் சிவகாசி அச்சகத்துக்கு இந்த யோசனை வீண்செலவு, நகலெடுப்பது ஆபத்தும்கூட.

பிளேட் போடுமுன் பிடிஎஃப் கோப்புகளைச் சரிபார்க்கும் சேவை ஒன்று பின்னணியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியானதும் ஆர்டர் குவியும். அந்த அவசரத்தில் மூன்றாவது நகலில் மட்டும் ஒரு வரியைத் திருத்திவிட்டு மற்றதை மறந்துபோவார்கள். அதன்பின் ஒரே டிசைன் இரண்டு விதமாக வெளிவரும். காரணம் தேடியே இரவு கழியும். லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் சேவையின் பெயருக்குப் பின்னால் @ குறி வைத்து ஒரே ஒரு வார்ப்புருக் கோப்பு எழுதினால் போதும். பிளேட்@1, பிளேட்@2 என்று வேண்டிய மட்டும் தொடங்கலாம். திருத்த வேண்டிய இடம் ஒன்றுதான்.

"ஒவ்வொன்றுக்கும் போர்ட் வேறு, ஃபோல்டர் வேறு ஆயிற்றே?" @ குறிக்குப் பின்வரும் பெயரை வைத்தே ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்புக் கோப்பையும் தனி ஃபோல்டரையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். டெபியனில் போஸ்ட்கிரெஸ் 15 நிறுவினால் அது போஸ்ட்கிரெஸ்கியூஎல்@15-மெயின் என்றுதான் ஓடுகிறது. இரண்டு பிரதிகள் ஒரே ஃபோல்டரில் எழுதுவதுதான் உண்மையான அபாயம். அதை டாக்கரும் தானாகத் தடுக்காது. இரண்டுக்கும் ஒரே ஃபோல்டரை இணைத்தால் அங்கேயும் அதே மோதல்தான்.

"ஒன்று மெமரியை விழுங்கினால் எல்லாம் விழுமே, கண்டெய்னர்தானே காப்பு?" இந்த வாதத்தைத்தான் அதிகம் பேர் நம்புகிறார்கள். கண்டெய்னருக்கு அந்தக் கட்டுப்பாட்டைத் தருவது லினக்ஸ் கர்னலின் சிகுரூப். சிஸ்டம்டியும் அதையேதான் பயன்படுத்துகிறது. பட்டாசு ஆலையில் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, அறைக்கும் அறைக்கும் இவ்வளவு இடைவெளி என்று விதி இருக்கிறது. அதை மீறிய இடங்களில் எத்தனை உயிர் போயிற்று என்று இந்த ஊருக்குத் தெரியும். இங்கே மெமரிமேக்ஸ் என்ற ஒற்றை வரி ஒவ்வொரு பிரதிக்கும் அப்படி ஓர் அளவு வைக்கிறது. மீறினால் அந்தப் பிரதி மட்டும் கொல்லப்படும். ஒரே வார்ப்புருவின் பிரதிகள் எல்லாம் இயல்பாகவே ஸ்லைஸ் என்ற ஒரே குழுவுக்குள் வருவதால் மொத்தத்துக்கும் ஓர் உச்சவரம்பு வைக்கலாம்.

விழுந்த பிரதி தானே எழ ரீஸ்டார்ட் வரி வேண்டும். இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கெட்டுப்போன பிடிஎஃப் ஒன்று சேவையைத் திரும்பத் திரும்ப வீழ்த்தினால், 10 நொடிக்குள் 5 முறை தொடங்கிப் பார்த்துவிட்டு சிஸ்டம்டி அதைக் கைவிட்டுவிடும். ஒவ்வொரு மறுதொடக்கத்துக்கும் முன் காத்திருக்கும் நேரத்தை 30 நொடி ஆக்கினால் இந்தச் சிக்கல் வராது.

"எல்லாவற்றையும் ஒரே கட்டளையில் ஆள முடியாது" என்பது பாதி சரி. நிறுத்தும் கட்டளையில் பிளேட்@* என்று கொடுத்தால் ஓடுகிறவை அத்தனையும் நிற்கும். தொடங்கும் கட்டளையில் அதையே கொடுத்தால் நின்றவை எழாது. ஒரு டார்கெட் கோப்பில் சேர்த்துக் கட்டிவிட்டால் அந்தக் குறையும் இல்லை.

இரண்டாவது சர்வர் வந்து, ஒன்று அணைந்தால் வேலை தானாக மற்றதற்குப் போக வேண்டும் என்ற நிலை வந்தால் குபர்நெட்டிஸைப் பற்றிப் பேசலாம். அந்த வேலையை சிஸ்டம்டி செய்யாது.