வாங்காத கை

இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணி மாற்றி, சாமி கும்பிட்டு முடித்தால் ராமேஸ்வரத்தில் அடுத்து எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆட்டோக்காரரே மசூதித் தெருவுக்குக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார். ஜனாதிபதியாக இருந்த அப்துல் கலாமின் வீடு. சென்ற மாதம் நானும் அந்தக் கூட்டத்தில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறினேன். விருதுகள், புகைப்படங்கள், அவற்றுக்கு முன்னால் செல்ஃபி. எனக்கு ஏனோ மகனைவிட அவருடைய தகப்பனார் நினைப்பாகவே இருந்தது.

ஜைனுலாப்தீன். பெரிய படிப்பு கிடையாது, பெரிய சொத்தும் கிடையாது. படகுக்காரர். பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிறவர். மனைவி ஆஷியம்மா. தினமும் அந்த வீட்டில் சாப்பிட்ட குடும்பத்தாரைவிட வெளியாட்கள்தான் அதிகம் என்று ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில் மகன் எழுதியிருக்கிறார். அந்த அடுப்படியில் நின்றவருக்கும் இந்தப் பத்தியில் பாதி இடம் சேர வேண்டும். ஆனால் இன்று கணவரைப் பற்றி.

விடிவதற்கு முன், நாலு மணிக்கே அவர் எழுந்துவிடுவார். தொழுகை முடித்துவிட்டு நாலு மைல் தள்ளியிருந்த தங்கள் தென்னந்தோப்புக்கு நடை. திரும்பும்போது பத்துப் பன்னிரண்டு தேங்காய்களைச் சேர்த்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வருவார். அதன்பிறகுதான் காலைச் சாப்பாடு. அறுபது வயது தாண்டிய பிறகும் இது நிற்கவில்லை. ஒரு டஜன் தேங்காயைத் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நான் இரண்டு காயைப் பையில் போட்டு மாடி ஏறுவதற்குள் கை மாற்றுகிறேன்.

சாயங்காலம் தொழுகை முடிந்து அவர் வெளியே வரும்போது பள்ளிவாசல் வாசலில் கிண்ணங்களில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஆட்கள் நிற்பார்கள். எல்லா மதத்தவரும்தான். ஒவ்வொரு கிண்ணத்திலும் விரல் நுனியை நனைத்து ஓதிக் கொடுப்பார். வீட்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்தத் தண்ணீர் போகும். குணமானதும் வீடு தேடி வந்து நன்றி சொல்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே, நன்றியை அல்லாவுக்குச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிடுவார். ஓதிய தண்ணீரில் நோய் தீருமா என்ற விவாதத்துக்கு நான் வரவில்லை. காசு வாங்காத மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். நன்றியைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளாமல் மேலே தள்ளிவிடுகிற ஆளைப் பார்த்ததில்லை.

அவருடைய நெருங்கிய சிநேகிதர் ராமநாதசுவாமி கோயிலின் தலைமை அர்ச்சகர் பட்சி லட்சுமண சாஸ்திரி. வீட்டிலிருந்து கோயில் பத்து நிமிட நடைதான். அவரவர் உடையில் அவரவர் அடையாளத்தோடு உட்கார்ந்து இருவரும் கடவுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். சீதா கல்யாண உற்சவத்தில் சுவாமியை ராமர் தீர்த்தக் குளத்தின் நடுவே கொண்டுபோக மேடை கட்டிய படகு இவர் குடும்பத்திலிருந்துதான் போகும். இதற்கு மத நல்லிணக்கம் என்று இப்போது மாநாட்டுப் பெயர் வைத்திருக்கிறோம். அவர்களுக்கு அது அக்கம்பக்கம், அவ்வளவுதான்.

யாத்ரீகர்களைத் தனுஷ்கோடிப் பக்கம் ஏற்றிப்போகக் கடற்கரையிலேயே மரப்படகு ஒன்றைக் கட்டினார். பலகைகள் படகாக உருமாறுவதை மகன் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வளர்ந்தார். நல்ல வருமானம் வந்தது. பிறகு ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது.

நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்வது வேறொரு சம்பவம். சுதந்திரம் வந்த சமயம். ராமேஸ்வரம் பஞ்சாயத்துக்கு அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது ஒருவர் வந்து, அப்பாவுக்கு ஒரு பொருள் கொடுக்க வேண்டும் என்றார். படித்துக்கொண்டிருந்த பையன், கட்டில்மேல் வைத்துவிட்டுப் போங்கள் என்றான். தகப்பனார் வந்து பிரித்துப் பார்த்தார். வெள்ளித் தட்டு, விலையுயர்ந்த துணி, பழம், இனிப்பு, கூடவே ஒரு சீட்டு. அன்றைக்கு விழுந்ததுதான் கலாம் தகப்பனாரிடம் வாங்கிய முதல் நல்ல அடி. அழுது ஓய்ந்த பிறகு தோளைத் தொட்டு, பதவியில் இருக்கிறவனுக்கு வரும் பரிசு எப்படிப்பட்டது என்பதை மார்க்கம் சொன்னபடி விளக்கினார். பிள்ளையை அடித்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் கட்டிலை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூசுகிறது.

ஏனென்றால் எங்கள் வீட்டிலும் ஒரு கட்டில் இருந்தது. என் அப்பா அரசாங்க குமாஸ்தா. நெற்றியில் விபூதி அழியாத மனிதர். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு காண்டிராக்டர் வீட்டிலிருந்து ஸ்வீட் பெட்டி வரும். அடியில் ஒரு வேட்டி. அப்பா பெட்டியைப் பார்ப்பார், அம்மாவைப் பார்ப்பார், குளிக்கப் போய்விடுவார். நாங்கள் பிரித்துவிடுவோம். மைசூர்பாகு நன்றாகத்தான் இருந்தது. அப்பா நல்லவர்தான், அதில் சந்தேகமில்லை. திருப்பிக் கொடுக்க அவரால் முடியவில்லை.

மகன் எழுதியதுதானே, உயர்த்தித்தான் எழுதுவான் என்று உடன் வந்த நண்பர் சொன்னார். இருக்கலாம். ஆனால் ‘அக்னிச் சிறகுகள்’ புத்தகத்தில்தான், மெட்ராஸ் எம்.ஐ.டி.யில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தபோது தகப்பனாரிடம் அது இல்லை என்பதும் இருக்கிறது. அக்கா சொஹ்ரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் வீட்டில் ஆயிரம் ரூபாய் இல்லை. உயர்த்தி எழுதுகிறவன் இதை மறைத்திருப்பான். அல்லது இதைவிட உயர்த்தி எழுத வேறு வழி இல்லை என்று தெரிந்திருப்பான்.

ஜைனுலாப்தீன் 1976-இல் இறந்தபோது அவருக்கு 102 வயது. மகன் அப்போது திருவனந்தபுரத்தில் ராக்கெட் வேலையில் இருந்தார். பின்னாளில் மகன் ஜனாதிபதி ஆனதைப் பார்க்க அவர் இல்லை.

கலாம் வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஒரு கடையில் பணம் கொடுத்தேன். பேரனுக்குச் சங்குச் சாவிக்கொத்து. பாக்கி கொடுக்கும்போது கடைக்காரர் இருபது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வேறு தெருவாக இருந்தால் இறங்கியிருப்பேனா என்று தெரியவில்லை.