ஆங்கில இலக்கணத்திற்கு இரண்டு ஏணிகள்

பேரா மாநிலத்தின் கிந்தா மாவட்டத்தில், ஈப்போவுக்குத் தெற்கே உள்ள ஊர் பத்து காஜா. ஈயச் சுரங்கங்களும் ரப்பர் தோட்டங்களும் சூழ வளர்ந்த அவ்வூரில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் மாணவர்களுக்குத் தமிழ் வீட்டுமொழி, மலாய் பயிற்றுமொழி. ஆங்கிலம் பெரும்பாலோருக்கு மூன்றாவது மொழி. அதன் இலக்கணம் என்றாலே பலருக்கும் தயக்கம் ஏற்படுகிறது.

இத்தயக்கத்திற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அப்பள்ளிகளின் பயிற்றுமொழி தமிழ். ஆங்கிலப் பள்ளிகள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தன, கட்டணமும் வாங்கின. இதனால், தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு ஆங்கிலம் எட்டாக்கனியாக இருந்தது.

இன்று நிலைமை மாறிவிட்டது. ஆங்கிலம் எல்லாத் தேசியப் பள்ளிகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் கற்பிக்கப்படுகிறது. 2017 முதல் அதன் பாடத்திட்டம் ஐரோப்பிய மொழித்தர அளவுகோலை ஒட்டிப் படிப்படியாக அமைக்கப்பட்டது. இதில் ஏ1 தொடக்கநிலை, சி2 உயர்நிலை. தொடக்கப்பள்ளி முடிவில் ஏ2, ஐந்தாம் படிவ முடிவில் பி1 அல்லது பி2 தரத்தை எட்டுவதே இலக்கு. படிகள் தெளிவாக உள்ளன. அவற்றில் ஏறும் முறையும் தெளிவாக வேண்டும்.

ஆங்கிலத்தில் தேற வேண்டுமானால் தமிழைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று கருதும் பெற்றோர் உள்ளனர். படிப்பதற்கு நேரம் போதவில்லை என்னும் அவர்களது கவலை நியாயமானதே. ஆனால், அவர்கள் காணும் தீர்வு சரியன்று. பிள்ளை ஏற்கெனவே அறிந்த இரு மொழிகளும் ஆங்கில இலக்கணத்திற்கு ஏணிகளாகும்.

முதலில் சொல் வரிசையைக் காண்போம். 'புலி மானைக் கொன்றது' என்பதை 'மானைப் புலி கொன்றது' என மாற்றினாலும் பொருள் மாறாது. 'ஐ' என்னும் வேற்றுமை உருபு பொருளைக் காக்கிறது. ஆங்கிலத்தில் அத்தகைய உருபு இல்லை. இரு பெயர்களையும் இடம் மாற்றினால் மான் புலியைக் கொன்றதாகிவிடும். மலாய்மொழியிலும் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பதே வழக்கமான வரிசை. 'ஈப்போவிலிருந்து' என்பதை மலாயில் 'டாரி ஈப்போ' என்றும், ஆங்கிலத்தில் 'ஃப்ரம் ஈப்போ' என்றும் கூறுகிறோம். இங்கு மலாய் கைகொடுக்கிறது.

அடுத்தது வினைச்சொல். மலாயில் வினை, காலத்திற்கோ இடத்திற்கோ ஏற்ப மாறுவதில்லை. தமிழிலோ 'நடக்கிறேன், நடக்கிறாள், நடந்தாள்' என வினை காலத்தையும் பாலையும் எண்ணையும் இடத்தையும் காட்டுகிறது. எனவே, 'ஐ வாக்' என்பது 'ஷி வாக்ஸ்' என ஏன் மாறுகிறது என்பதைத் தமிழ் மாணவர் எளிதில் உணரலாம். 'ஈப்போவுக்குப் போனேன்', 'ஈப்போவுக்குப் போயிருக்கிறேன்' ஆகியவற்றின் வேறுபாட்டை அறிந்தவருக்கு, 'ஐ வென்ட்', 'ஐ ஹேவ் பீன்' ஆகியவற்றின் வேறுபாடும் பிடிபடும். ஓர் ஆடு, ஒரு மாடு என்று எழுதப் பழகியவருக்கு உயிரொலிக்கு முன் 'அன்' வரும் விதியும் புதிதன்று. இங்கு தமிழ் கைகொடுக்கிறது.

இரு ஏணிகளும் எட்டாத இடங்களும் உண்டு. 'தி' என்னும் சிறு சொல்லுக்கு நேரான சொல் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. எனவே, உயர்நிலை மாணவர்கூட அதில் தடுமாறுவது இயல்பே. அத்தகைய பகுதிகளை ஆங்கில நூல்களையும் நாளிதழ்களையும் தொடர்ந்து வாசித்தே கற்க வேண்டும். விதியை மனனம் செய்து, வாசிப்பைக் கைவிட்டவர் தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்பலாம். ஆனால், ஒரு கடிதம் எழுதத் திணறுவார்.

எனவே, மாணவர்கள் ஒரே வாக்கியத்தை மூன்று மொழிகளிலும் எழுதி ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை மேற்கொள்ள வேண்டும். தங்கள் பிழை எங்கிருந்து வருகிறது என்பதை அவர்களே கண்டறிவர். காரணம் தெரிந்த பிழையைத் திருத்துவது எளிது. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதற்குக் கைகோத்தால் பயன் இரட்டிப்பாகும்.

முன்னோருக்கு எட்டாதிருந்த ஆங்கிலம் இன்று மாணவர்களின் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. அதை அடையத் தமிழை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தமிழ் இலக்கணத்தைச் செம்மையாகக் கற்றவர் ஆங்கில இலக்கணத்தின் முதற்படியில் ஏற்கெனவே கால் வைத்துவிட்டார்.