வான்கோழி வேண்டாம், கோழி நிறச்சது போதும்

டிசம்பர் வந்தாலே எங்கள் வீட்டில் பஞ்சாயத்துதான். டிவியில் பார்த்த முழு வான்கோழி வேண்டும் என்று பையன் அடம்பிடிப்பான். ஐந்து கிலோ பறவையை வேகவைக்க ஓவனுக்கு எங்கே போவது?

என் கட்சி, மலபார் முஸ்லிம் வீடுகளின் 'கோழி நிறச்சது'. ஒரு கிலோ முழுக்கோழியில் மிளகாய், மஞ்சள், உப்பு தடவி ஊறவையுங்கள். வதக்கிய வெங்காய மசாலாவையும் இரண்டு அவித்த முட்டையையும் வயிற்றில் அடைத்து, கால்களை நூலால் கட்டுங்கள். மூடிபோட்டு மெல்லிய தீயில் வேகவிட்டு, பிறகு நெய்யில் சிவக்கப் புரட்டுங்கள். அவசரம் மட்டும் ஆகாது. மேலே சிவந்தாலும் உள்ளே வெந்திருக்காது. தொடைச் சதையும் நடுவிலிருக்கும் மசாலாவும் 74 டிகிரி செல்சியஸ் சூடேற வேண்டும்.

"இது நம்ம சமையலாடா?" தஞ்சாவூரிலிருந்து போனில் அம்மா.

இல்லைதான். ஆனால் நான் மசாலா வாங்கும் இந்தச் சாலைக் கடைத்தெருவைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய சந்தை. தமிழ் வியாபாரிகள் பிழைக்க வந்து, தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் இடம். இன்று அவர்களை யாராவது வெளியூர்க்காரர் என்று சொல்ல முடியுமா?

மாற்றலில் அலையும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கும் அதே கணக்குதான். ஊர்ச் சமையலை விட வேண்டாம். வந்த ஊரின் ஒரு பதார்த்தத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். நாளைக்கு எந்த ஊரில் இருந்தாலும், 'எங்க வீட்டு கிறிஸ்துமஸ்' என்றால் பையனுக்கு நூல் கட்டிய இந்தக் கோழி ஞாபகம் வரட்டுமே!