உறக்கமா, மயக்கமா?



பூனை எத்துணை உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றியே விழும், அதற்கு ஒன்றும் நேராது என்று நம் இல்லங்களில் பெரியோர் கூறக் கேட்டிருக்கிறோம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. நியூயார்க் நகரில் உயர்ந்த மாடிகளிலிருந்து விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 132 பூனைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிகிச்சை பெற்றவற்றுள் 100-க்கு 90 பிழைத்தன. இச்செய்தியை வியந்து கூறுவோர், 'சிகிச்சை பெற்றவற்றுள்' என்னும் சொற்களை மட்டும் மறந்துவிடுகின்றனர்.

நாமும் ஒருமுறை தவறினோம். சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலைப் பொழுதில், அண்டை வீட்டுச் சிறுவன் தன் பூனையைத் துண்டில் சுற்றி நம்மிடம் எடுத்து வந்தான். தெருவில் விரைந்து சென்ற மோட்டார் சைக்கிள் அதை இடித்துத் தள்ளிவிட்டதாம். சற்று நேரம் அசைவற்றுக் கிடந்து, பின்னர் எழுந்து தள்ளாடியபடியே வீடு வந்து சேர்ந்ததாம். ஒருமுறை வாந்தியும் எடுத்ததாம். உடலில் காயம் எதுவும் தென்படவில்லை. கண்களை மூடிப் படுத்திருந்தது. "களைத்துப் போயிருக்கிறது, தூங்கட்டும். காலையில் சரியாகிவிடும்" என்று கூறி அனுப்பினோம். விடிந்தபோது அது விறைத்துக் கிடந்தது. "காலையில எழுந்திரிச்சிடும்னு சொன்னீங்களே, சாமி?" என்று அவன் கேட்டான். நம்மிடம் விடை இல்லை. அதன் பின்னரே கால்நடை மருத்துவர் ஒருவரை அணுகி, இதனைப் பற்றிக் கேட்டறிந்தோம். அறிந்ததை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

மண்டை ஓடு கடினமானது. அதனுள் இருக்கும் மூளையோ மிக மென்மையானது. தலையில் பலத்த அடி விழும்போது மூளை குலுங்கிவிடுகிறது. இதனையே மூளை அதிர்ச்சி என்கின்றனர். அதிர்ச்சி இலேசானதாயின் விரைவில் தெளிவு பிறக்கும். ஆயின், எல்லா வேளையிலும் தீங்கு அடியோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளே இரத்தம் கசியலாம், மூளை வீங்கலாம். காலில் வீக்கம் கண்டால் தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓடு இடம் கொடாது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைகிறது. இவ்வீக்கம் சில மணி நேரம் கழித்தும் பெருகக்கூடும். ஆகவேதான் மாலையில் நடந்து வந்த பூனை இரவில் சாய்ந்துவிடுகிறது.

உறங்கும் பூனையையும் மயங்கிய பூனையையும் வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? பெயர் சொல்லி மெல்ல அழையுங்கள். உறங்கும் பூனையாயின் காதை அசைக்கும். தொட்டால் விழித்து நம்மை நோக்கும். அடிபட்ட பூனை விழிக்காமலோ, விழித்தும் நம்மை அறியாததுபோலவோ கிடந்தால் அது உறக்கமன்று. அடுத்து, கண்மணிகளைப் பாருங்கள். ஒன்று விரிந்தும் மற்றொன்று சுருங்கியும் இருந்தாலும், டார்ச் ஒளி பட்டும் சுருங்காவிட்டாலும் ஆபத்து மிகுதி. விழிகள் தாமாகவே பக்கவாட்டில் துடித்தல், தலை ஒருபுறம் சாய்தல், வட்டமிட்டுச் சுற்றுதல், தள்ளாட்டம், வாந்தி, மூக்கிலோ காதிலோ இரத்தம், வலிப்பு, ஒழுங்கற்ற மூச்சு ஆகிய யாவும் எச்சரிக்கை மணிகளே. இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது சிறிதே. அச்சத்தில் பூனை கடிக்கவும் பிறாண்டவும் கூடுமாதலால், தடித்த துண்டைப் போர்த்தி எடுங்கள். கழுத்தில் பட்டை இருந்தால் கழற்றிவிடுங்கள். பலகை ஒன்றின் மீது படுக்க வைத்து, தலைப்பக்கத்தைச் சற்றே உயர்த்துங்கள். தலைக்கு மட்டும் தலையணை வைத்தால் கழுத்து மடங்கி, இரத்தம் தலையிலிருந்து இறங்குவது தடைப்படும். ஆகவே பலகையையே சாய்வாகப் பிடித்தல் நலம். வெளிச்சமும் கூச்சலும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவையே பெரிதும் முக்கியமானவை. தெளிவற்ற பூனையின் வாயில் பாலோ நீரோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுள் இறங்கி உயிரைப் போக்கும். வலி தீரட்டும் என்று பாரசிட்டமால் மாத்திரையை ஒருபோதும் கொடாதீர்கள். நமக்கு நன்மை செய்யும் அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்குப் போதுமான அளவு இல்லை. அது பூனையின் இரத்தத்தைக் கெடுத்து, உயிர்வளியைச் சுமக்கும் திறனை அழித்துவிடுகிறது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. அன்பினால் கொடுத்தாலும் நஞ்சு நஞ்சே.

மருத்துவர் முதலில் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் சீராக்குவார், உயிர்வளி செலுத்துவார், இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றுவார், தேவைப்பட்டால் மூளையின் வீக்கத்தைத் தணிக்க மானிடால் என்னும் மருந்தைச் செலுத்துவார். நினைவு, அசைவு, கண்மணி முதலியவற்றின் நிலையைச் சோதித்து, 3 முதல் 18 வரை மதிப்பெண் இட்டு, முன்னேற்றத்தைக் கணிக்கும் முறையும் உண்டு. முற்காலத்தில் இத்தகைய காயங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது வழக்கம். 2004-இல் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, தலைக்காயமுற்ற மனிதரிடையே அதனால் இறப்பு மிகுந்ததைக் காட்டிற்று. இப்போது விலங்குகளுக்கும் அதனைப் பரிந்துரைப்பதில்லை.

பூனை தெளிந்து வீடு திரும்பினாலும் முதல் இரண்டு நாள்கள் இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். மாடிக்கும் மதிலுக்கும் ஏறவிடாமல் ஓர் அறையிலேயே வைத்திருங்கள். நன்றாக விழுங்கும் நிலை வந்த பின்னரே மருத்துவர் சொற்படி உணவு கொடுங்கள். தள்ளாட்டம் நீங்கச் சில வாரங்கள் ஆகலாம். மனம் தளர வேண்டாம். மோசமான நிலையிலிருந்தும் பூனைகள் தேறி எழுவதுண்டு.

அன்பர்களே, அன்று நாம் அச்சிறுவனுக்குக் கூறியது ஆறுதல் மொழிதான். ஆனால், அறியாத ஒன்றை அறிந்ததுபோல் கூறிய ஆறுதல் அது. அந்தப் பூனை எப்படியும் பிழைத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. பிழைப்பதற்குரிய ஒரு வாய்ப்பு அதற்கு இருந்தது, அதனை நம் சொல் பறித்தது. அடிபட்ட உயிரைப் பார்த்து 'தூங்கட்டும்' என்று கூறுமுன், ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்.