தும்மல் நின்ற பின்பு

புறக்கடையில் பத்துக் கோழி வளர்ப்போரும், கொட்டகை அமைத்து ஆயிரம் கோழி வளர்ப்போரும், கோழி தும்மினால் "சளிதானே" என்று கூறி விட்டுவிடுகின்றனர். அச்சொல்லை இம்மாதம் சற்று ஆராய்வோம்.

தொற்று மூச்சுக்குழல் அழற்சி என்பது கோழிகளுக்கு வரும் ஒரு நோய். 1931-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஷால்க், ஹான் என்னும் இருவர் இதனை முதன்முதலாக விவரித்தனர். 2020-இல் உலகையே முடக்கிய கிருமியின் கொரோனாக் குடும்பத்தைச் சேர்ந்ததே இதன் நச்சுயிரியும். எனினும் இது மனிதரைப் பற்றுவதில்லை. இல்லத்தரசியர் அஞ்ச வேண்டாம்.

நோய் நுழைந்த ஓரிரு நாளில் கொட்டகையெங்கும் தும்மலும் தொண்டைக் கறகறப்பும் கேட்கும். சில நாள்களில் அவை தணியும். அங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். இந்நச்சுயிரியின் சில வகைகள் சிறுநீரகத்தைத் தாக்குவன. 1960-களில் ஆஸ்திரேலியாவில் இவை பெருஞ்சேதம் விளைவித்தன. தேறியதாகத் தோன்றிய குஞ்சுகள் மீண்டும் இறகு சிலிர்த்து ஒடுங்கும், ஓயாது நீர் பருகும், எச்சம் நீராகக் கழியும், பின்னர் மடியும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகங்கள் வெளிறி வீங்கி, சுண்ணாம்பு போன்ற வெண்ணிற உப்பு அடைத்திருக்கக் காணலாம்.

பிழைத்தவற்றிலும் இழப்பு உண்டு. முட்டையிடும் பெட்டைகள் தோல்முட்டையும் சுருங்கிய ஓட்டு முட்டையும் இடும், வெண்கரு நீர்த்துப்போகும். பிறந்த சில நாள்களிலேயே நோயுற்ற பெட்டைக்குஞ்சு, முட்டை இறங்கும் குழாய் பழுதுபட்டு, வளர்ந்தபின் முட்டையே இடாதிருக்கலாம். கொண்டை சிவந்து, உடல் கொழுத்து நிற்கும், தீவனமும் தின்னும். முட்டைக்காசை நம்பிப் பள்ளிச் செலவைத் திட்டமிட்ட குடும்பத்துக்கு இது சிறு இழப்பன்று.

நச்சுயிரியை அழிக்க மருந்தில்லை. கடையில் கேட்டு வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லிகள் பின்தொடரும் வேறு கிருமிகளையே தடுக்கும். சல்பா வகை மருந்துகளோ நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலியச் செய்யும். குஞ்சுகளுக்குக் கதகதப்பும், தடையற்ற நன்னீரும், ஈரமற்ற கூளமும், காற்றோட்டமும் வேண்டும். மூக்கைத் துளைக்கும் எச்சவாடை நோயை வளர்க்கும். தாது உப்புக் கரைசல் தருவது பற்றியும், தீவனத்தில் புரதத்தைச் சில நாள் குறைப்பது பற்றியும் கால்நடை மருத்துவரைக் கேட்டறிக.

தடுப்பு மருந்து உண்டு. வெள்ளைக்கழிச்சலுக்கு இட்டது இதற்கு உதவாது. நச்சுயிரி பல வகையாதலால், தம் வட்டாரத்துக்கு ஏற்றதையும் மருத்துவரே கூற வேண்டும். குடிநீரில் கலந்து தருவதாயின் குளோரின் இட்ட குழாய்நீர் ஆகாது. உயிருள்ள தடுப்பு மருந்து அதில் செத்துவிடும்.