டிராம்: நெரிசல் மட்டுமா காரணம்?

புதுதில்லி: கொல்கத்தாவில் மைதான் - எஸ்பிளனேடு பாரம்பரியத் தடம் ஒன்றைத் தவிர மற்ற டிராம் சேவைகளை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்கத்தின் அன்றைய போக்குவரத்து அமைச்சர் சினேகாசிஸ் சக்ரவர்த்தி அறிவித்தார். நகரின் பரப்பில் சாலைகளின் பங்கு 6 சதவீதம்தான். மெதுவாகச் செல்லும் டிராம்களால் நெரிசல் ஏற்படுகிறது என்பது அவர் கூறிய காரணம்.

சாலை குறைவு என்பது உண்மையே. ஆனால், குறைந்த இடத்தில் அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வாகனம் எது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை. இரு பெட்டிகள் கொண்ட டிராமில் ஏறக்குறைய 200 பேர் பயணம் செய்யலாம். அதே இடத்தை அடைத்துக்கொள்ளும் கார்களில் எத்தனை பேர் செல்கின்றனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மேலும், டிராம்கள் எப்போதுமே இப்படி ஊர்ந்தவை அல்ல. பல முக்கியச் சாலைகளின் நடுவே அவற்றுக்கெனத் தனிப் பாதை இருந்தது. இடதுசாரி ஆட்சிக் காலத்திலேயே அப்பாதைகளில் பல கான்கிரீட் போட்டு மூடப்பட்டு, பிற வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டன. பயணிகள் ஓடும் வாகனங்களுக்கு நடுவே இறங்கி ஏற வேண்டியதாயிற்று, கூட்டம் குறைந்தது. மெட்ரோ ரயில் பணிகளுக்காகவும், 2018-இல் மாஜேர்ஹாட் பாலம் இடிந்த பிறகு பழைய பாலங்களின் பாதுகாப்பைக் கருதியும் மேலும் சில தடங்கள் நின்றன. 2020-இல் உம்பன் புயல் மின்கம்பிகளை அறுத்தது. பணிமனை நிலங்களின் ஒரு பகுதி குத்தகைக்கு விடப்பட்டது. வேகத்தைக் கெடுத்துவிட்டு, வேகமில்லை என்று குறை கூறுவது விந்தையானது.

1873-இல் குதிரைகள் இழுக்கத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியவை இந்த டிராம்கள். 1953-இல் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா உயர்ந்ததற்கே நகரம் கொந்தளித்தது. அந்த அளவுக்கு அது எளியோரின் வாகனம். நோனாபுகூர் பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டே பல பெட்டிகள் பல்லாண்டுகள் ஓடின. வணிகப் பேருந்துகளுக்கோ அந்நகரில் 15 ஆண்டுகளே ஆயுள் என வரம்பு விதிக்கப்பட்டது. மின்கலப் பேருந்துகள் வாங்க மத்திய அரசின் 'ஃபேம்' திட்டம் மானியம் அளித்தது. நூற்றாண்டுக்கு மேலாக மின்சாரத்தில் ஓடும் டிராமுக்கு அதில் இடமில்லை.

சென்னை 1953-லும், தில்லி 1963-லும், மும்பை 1964-லும் டிராமைக் கைவிட்டன. கொல்கத்தாவில் பயணிகள் அமைப்பினர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அப்போது தலைமை நீதிபதியாக இருந்த டி.எஸ். சிவஞானம் தலைமையிலான அமர்வு, தண்டவாளங்களைத் தார் போட்டு மூடக் கூடாது என 2025 ஜனவரியில் உத்தரவிட்டது. தண்டவாளம் மண்ணுக்குள் போய்விட்டால் தீர்ப்பு எப்படி வந்தாலும் பயனில்லை என்பதால், இது முக்கியமான உத்தரவு.

விட்டுவைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்ட மைதான் தடம் புல்வெளியை ஒட்டிச் செல்வது. சுற்றுலாப் பயணிகளுக்கு அது இனிமையான பயணமாக இருக்கலாம். சியாம்பஜாரிலிருந்தும் கரியாஹாட்டிலிருந்தும் வேலைக்குச் செல்வோருக்கு அந்தத் தடத்தால் பயனில்லை.